வெட்கத்தின் விலை

திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலிலும், கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலிலும் வைத்தார். ஊனுண்ணல் உயிர்க்கொலையோடு தொடர்புடைமையின் அறத்தின்பாற் பட்டது. கள்ளோ அறிவோடு கைப்பொருளையும் கொண்டு செல்வது, ஆதலின் பொருளின்பாற் பட்டது என்று மாணாக்கருக்கு விளக்கஞ் சொல்வதுண்டு. இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒரே மேசையில் ஒருங்கே மீறுதற்கென அமைந்த இடம் ஒன்று உலகில் உண்டெனில், அஃது ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டேக் உணவுச்சாலையே எனலாம். ஸ்டேக் என்பது தடிப்பாக அரிந்து கடுந்தீயில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டம். அதற்குத் துணையாக அங்கே பரிமாறப்படுவது வைன் எனப்படும் முந்திரிகைத் தேறல்.

யான் ஊனுங் கள்ளுந் தொடாதவன். அவற்றின் சுவை பற்றி உரைக்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும் எழுத்தில் அமைந்த எதனையும் வாசித்துப் பொருள் காண்பது என் தொழில். அவ்வுணவுச்சாலைகளில் விருந்தினர் கையிற் கொடுக்கப்படும் வைன் பட்டியலும் ஒருவகை நூலே. தோலட்டை கட்டி, பொன்னெழுத்துப் பொறித்து, பக்கம் பக்கமாக விரியும் அந்நூலுக்கு ஆசிரியன் உண்டு, கேட்போர் உண்டு, பயனும் உண்டு. அப்பயன் எவருக்கு என்பதே ஆராயத்தக்கது. கடல் கடந்து வாழும் பழைய மாணாக்கர் சிலர் எனக்கு இத்தகைய பட்டியல்களை அனுப்பியுள்ளனர்; இணையத்திலும் பல கிடைக்கின்றன. அவற்றை யான் வாசித்தவாறே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் இவ்வுணவுச்சாலைகளின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 1926இல் நியூயோர்க்கில் 'பாம்' தோன்றியது. 1965இல் ரூத் பேர்ட்டல் என்னும் பெண்மணி தம் வீட்டை ஈடு வைத்து, நியூ ஓர்லியன்ஸ் நகரில் இருந்த 'கிறிஸ்' என்னும் கடையை வாங்கினார். அதுவே பின்னர் 'ரூத்ஸ் கிறிஸ்' என வளர்ந்தது. 1978இல் சிக்காகோவில் 'மோர்ட்டன்ஸ்', 1990இல் பிரொவிடன்ஸ் நகரில் 'கப்பிட்டல் கிறில்', 1998இல் கலிபோர்னியாவில் 'பிளெமிங்ஸ்' என ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, ஊர்தோறும் கிளை பரப்பின. பின்னர்ப் பெரிய கம்பனிகள் இவற்றை விலைக்கு வாங்கின. டார்டன் என்னும் கம்பனி 2007இல் கப்பிட்டல் கிறிலையும், 2023இல் ரூத்ஸ் கிறிசையும் தனதாக்கிற்று. லாண்ட்ரீஸ் என்னும் பிறிதொரு கம்பனி 2012இல் மோர்ட்டன்சையும், 2020இல் பாமையும் வாங்கிற்று. வாயிலிற் பெயர்கள் பல. உள்ளே கொள்முதல் செய்யுங் கைகள் சில. பட்டியலின் இயல்பை அறிய விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

ஊனுக்கு வைன் எற்றுக்கு என ஒருவர் வினவலாம். பாக்கு மென்றவர் துவர்ப்பை அறிவர். முந்திரிகையின் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்னும் பொருள் அத்தகைய துவர்ப்பைத் தருவது. அது வாயூறும் நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ள, நாக்கு உலர்ந்து சுருங்குவது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. கொழுப்பும் புரதமும் மிக்க இறைச்சியை உடன் உண்பார்க்கு அத்துவர்ப்புத் தணிகின்றது. துவர்ப்போ கொழுப்பின் திகட்டலைத் தணிக்கின்றது. துவர்ப்பு மிக்க முந்திரிகை வகைகளுள் தலையாயது கபர்னே சோவினியோன். பிரான்சு நாட்டுப் போர்தோவிற் புகழ்பெற்ற அவ்வகை, கலிபோர்னியாவின் நாபாப் பள்ளத்தாக்கிலும் நன்கு விளைகின்றது. 1976இல் பாரிசில் நடந்த ஒரு சுவைத்தேர்வில், பெயர் மறைத்து வைக்கப்பட்ட வைன்களைச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், தம் நாட்டின் பெயர்போன செவ்வைன்களை விடுத்து, நாபாவில் 1973இல் விளைந்த ஒன்றுக்கு முதலிடம் கொடுத்துவிட்டனர். அன்று முதல் நாபாவின் பெயரும் விலையும் ஒருங்கே ஏறின. இன்று ஸ்டேக் உணவுச்சாலைப் பட்டியலைத் திறந்தால், அதன் நடுப்பகுதி முழுவதும் நாபாக் கபர்னேக்களே அணிவகுத்து நிற்கக் காணலாம்.

இனிப் பட்டியலின் தரத்தை ஆராய்வாம். நன்னூலார் பாயிரத்துக்கு இலக்கணங் கூறுமிடத்து, ஆக்கியோன் பெயர், எல்லை, நூற்பெயர் முதலியன சொல்லப்படல் வேண்டும் என்பர். பாயிரம் இல்லாத நூலை வாசிப்பவன் வழி தெரியாது மயங்குவான். வைன் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். ஆக்கியோன் யார்? எந்த நிலத்து எல்லையில் விளைந்தது? அதன் பெயர் யாது? இவற்றோடு ஒன்று கூட்டுக: எந்த ஆண்டு விளைந்தது? மழை மிக்க ஆண்டின் பழமும் வெயில் மிக்க ஆண்டின் பழமும் ஒன்றாகா. ஒரே தோட்டத்து வைன் ஓராண்டு நூறு டொலர் பெறுவதும், பிறிதோராண்டு அதிற் பாதி பெறாததும் உண்டு. ஆண்டு குறியாத வரியை வாசிப்பவன் எதற்குப் பணம் கொடுக்கின்றான் என்பதை எங்ஙனம் அறிவான்?

கிளை பரப்பிய உணவுச்சாலைகளின் பட்டியல்கள் சிலவற்றில் இவ்வாண்டுக் குறிப்பே இல்லை. காரணம் எளிது. ஒரு பட்டியலையே பல ஊர்க் கிளைகளுக்கும் பொதுவாக அமைத்துவிட்டால், சரக்கின் ஆண்டு மாறுந்தோறும் பட்டியலையும் மாற்றுதல் வேண்டும். அத்தொல்லையினின்றும் தப்பும் வழி ஆண்டை விட்டுவிடுதல். மேலும், நூறு ஊர்களுக்கும் ஒரே வைன் வேண்டுமெனில், பெருந்தொகையாகச் செய்பவரிடமே வாங்குதல் இயலும். சிறு தோட்டத்து உழவன் அருமையாகச் செய்த சில நூறு பெட்டிகள் அப்பட்டியலில் இடம்பெறுதல் அரிது. ஆகவே எந்த ஊருக்குச் சென்றாலும் விருந்தினர் அதே பெயர்களையே காண்கின்றனர். தெரிந்த பெயர் துணிவைத் தருகின்றது. துணிவு தருவதற்கும் ஒரு விலை உண்டு.

நீளத்தைத் தரமென்று கொள்ளுதலும் பிழை. புளோரிடாவில், தம்பா நகரிலுள்ள பேர்ன்ஸ் என்னும் ஸ்டேக் உணவுச்சாலை 1956 முதல் அவ்வூரிலேயே இருந்து இலட்சக்கணக்கான போத்தல்களை நிலவறையிற் சேர்த்து வைத்துள்ளது. அதன் நீளம் பல்லாண்டு வாங்கிக் காத்த உழைப்பின் நீளம். ஆயின் நீளமான பட்டியல் எல்லாம் அத்தகையன அல்ல. வைன் ஸ்பெக்டேட்டர் என்னும் அமெரிக்க இதழ் 1981 முதல் உணவுச்சாலைகளின் வைன் பட்டியல்களுக்கு மூன்று படியாகப் பரிசு வழங்கி வருகின்றது. 2008இல் ரொபின் கோல்ட்ஸ்டீன் என்னும் எழுத்தாளர், இத்தாலியின் மிலான் நகரில் இருப்பதாக ஓர் உணவுச்சாலையைக் கற்பனை செய்து, பட்டியலொன்றை எழுதி, 250 டொலர் கட்டணத்துடன் அனுப்பினார். அதில் அரியன என வேறு பிரித்துக் காட்டப்பட்ட வைன்களுட் பல, அவ்விதழே முன்னர்க் குறைந்த மதிப்பெண் கொடுத்தவை. இல்லாத அக்கடைக்கு முதற்படிப் பரிசு கிடைத்துவிட்டது! அடுப்பில்லை, மேசையில்லை, ஒரு போத்தலுமில்லை. பட்டியல் மட்டும் உண்டு. வாயிலில் மாட்டப்பட்ட பரிசுச் சான்றிதழைக் கண்டு தலை வணங்குவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

விலைக்கு வருவாம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின்னர், செய்பவர், மொத்த வியாபாரி, சில்லறையில் விற்பவர் என மூன்று படிகளை மாநிலங்கள் பெரும்பாலும் வகுத்தன. ஒவ்வொரு கையும் தன் இலாபத்தைச் சேர்த்தே அடுத்த கைக்குக் கொடுக்கும். மூன்றாங் கையாகிய உணவுச்சாலை, தான் வாங்கிய விலையை இரண்டாலோ மூன்றாலோ, சிலபோது அதனினும் மிக்க எண்ணாலோ பெருக்குதல் வழக்கம். மலிந்த போத்தலுக்குப் பெருக்கம் கூடும். அரிய போத்தலுக்குக் குறையும். பத்து டொலர்ப் போத்தலை நாற்பதுக்கு விற்கலாம். முந்நூறு டொலர்ப் போத்தலை ஆயிரத்திருநூறுக்கு விற்றால் வாங்குவார் இலர்.

கிண்ணக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். கிண்ணம் ஒன்றுக்கு 150 என ஊற்றினால் ஐந்து கிண்ணம். கடை இருபது டொலருக்கு வாங்கிய போத்தலில் ஒரு கிண்ணத்தை இருபது டொலருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். முதற் கிண்ணத்திலேயே முதல் வந்துவிட்டது. எஞ்சிய நான்கும் கடையின் பங்கு. திறந்த வைன் சில நாட்களிற் காற்றுப் பட்டுக் கெடும், அவ்விழப்பையும் கணக்கிடவேண்டும் என்று கடைக்காரர் கூறுவர். அது மெய்யே. ஆனால் தக்கையை எடுக்காமலே ஊசி செலுத்தி வைனை வெளியே எடுத்து, அவ்விடத்தை ஆர்கன் வாயுவால் நிரப்புங் கருவி 2013இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. கெடும் என்ற நியாயத்துக்கு முன்னிருந்த வலி இன்று இல்லை.

பட்டியலிற் கடைசிக்கு முந்திய மலிவு விலை வைனே மிக ஏமாற்றுவது என்றொரு நம்பிக்கை மேனாட்டாரிடையே உண்டு. மிக மலிவானதைக் கேட்க வெட்கப்படுபவன் அடுத்ததைக் கேட்பான். அதனை அறிந்த கடைக்காரன் அங்கே விலையை ஏற்றி வைப்பான் என்பது அதன் கருத்து. 2021இல் இலண்டன் உணவுச்சாலைகளின் பட்டியல்களை ஆராய்ந்த பொருளியலாளர் இருவர், அஃது உண்மையன்று எனக் கண்டனர். வீதக் கணக்கில் மிக்க இலாபம் பட்டியலின் நடுப்பகுதியிலேயே இருந்தது. கஞ்சன் எனப் பெயரெடுக்கவும் அஞ்சி, ஊதாரி எனப் பெயரெடுக்கவும் அஞ்சி நடுவழி செல்பவனே பெரிதும் கொடுக்கின்றான். நடுவு நிலைமை எல்லா இடத்தும் நன்மை தருவதன்று போலும்!

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையுஞ் சொல்லுதல் முறை. உயர்தர இறைச்சியின் கொள்முதல் விலை பெரிது. ஸ்டேக்கின் விலையில் ஒரு பெரும்பங்கு இறைச்சிக்கே போய்விடும். வாடகை, கூலி, உடையுங் கண்ணாடிக் கிண்ணங்கள், நிலவறையில் முடங்கிக் கிடக்கும் முதல் ஆகிய எல்லாவற்றையும் ஏதேனும் ஒன்று சுமத்தல் வேண்டும். அச்சுமை வைன் மேல் ஏற்றப்படுகின்றது. இலாபம் ஈட்டுதல் வாணிகனுக்குக் குற்றமன்று. யான் குறை கூறுவது இலாபத்தை அன்று. விலையை விருந்தினர் வினவ முடியாதபடி அமைந்த சூழலையே.

அச்சூழல் எத்தகையது? புறநானூற்றில், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறல் பாண்டியன் ஒருவனுக்குப் பொற்கிண்ணத்தில் அளிக்கப்படுவதை நக்கீரர் பாட்டிற் காணலாம். அப்பாண்டியன் விலை கேட்டிரான். அரசன் விலை கேட்பதில்லை. பொதுமக்கள் பருகிய கள்ளுக்கோ விலை உண்டு. அவ்விலையைக் குறிக்க 'நொடை' என்னும் சொல் சங்கப் பாட்டுக்களில் வழங்கும். ஸ்டேக் உணவுச்சாலையின் மங்கிய விளக்கும், தோல் இருக்கையும், வெள்ளை விரிப்பும் வருபவனை ஓரிரவுக்கு அரசனாக்குகின்றன. அரசனாக அமர்ந்தவன் நொடை கேட்க நாணுவான். தன் கம்பனியின் பணத்தில் உண்பவனுக்கு அந்நாணத்தால் இழப்பில்லை. ஆண்டுக்கொரு முறை மகளின் பட்டமளிப்பு நாளுக்கோ, மணநாள் நினைவுக்கோ வரும் குடும்பத்தவனுக்கே இழப்பு. கடல் கடந்து வாழும் நம்மவரும் இன்று அம்மேசைகளில் அமர்கின்றனர்.

கொடுத்த விலைக்கேற்ற சுவை கிடைத்தால் அமையாதா எனின், நாக்கே விலையின் வழிச் செல்லுகின்றது என்க. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்விற் கலிபோர்னியா அறிஞர் சிலர், இருபது பேருக்கு ஒரே வைனை இருமுறை கொடுத்தனர்; ஒருமுறை 10 டொலர் எனவும், மற்றொரு முறை 90 டொலர் எனவும் சொல்லினர். 90 டொலர் எனச் சொல்லப்பட்டதே இனியது என்றனர் அவர். அவர்கள் வாயாற் சொன்னதுமன்றி, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அப்போது மிகுந்து தொழிற்பட்டமை கருவியிற் பதிவாயிற்று. அவர்கள் பொய் சொல்லவில்லை, மெய்யாகவே இன்புற்றனர். விலை தானே ஒரு சுவையாகிவிட்டது.

விலை தெரியாதபோது நிகழ்வதற்கு மன்செஸ்ரர் நகரம் சான்று. 2006இல் இலண்டனில் தொடங்கிய ஹோக்ஸ்மூர் என்னும் ஸ்டேக் உணவுச்சாலைக்கு அந்நகரிலும் ஒரு கிளை உண்டு. 2019இல் அங்கே 260 பவுண் விலையுள்ள வைனைக் கேட்ட விருந்தினருக்குத் தவறுதலாக 4,500 பவுண் விலையுள்ள போத்தல் பரிமாறப்பட்டது. இரண்டும் போர்தோ வைன்கள்; இரண்டும் 2001இல் விளைந்தவை. விருந்தினரிடம் மிகைப்பணம் கேளாமல், தவறிய பணியாளரையும் கடியாமல், மனந்தளர வேண்டாவென்று உணவுச்சாலையார் பகிரங்கமாகவே ஆறுதல் கூறினர். இதனைக் கேட்டு உலகம் நகைத்தது. அந்நாகரிகத்தை யான் பாராட்டுவேன்.

மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2014இல் அட்லாண்டிக் சிட்டியில், சூதாட்ட விடுதியொன்றின் ஸ்டேக் உணவுச்சாலையில், வைன் பற்றி அதிகம் அறியாத ஒருவர் நண்பர் குழுவுடன் அமர்ந்து, மூக்குக்கண்ணாடி கொண்டுவராமையாற் பரிமாறுபவரையே நல்லதொன்று சொல்லும்படி கேட்டார். அவர் ஒரு வரியைச் சுட்டினார். விலை என்ன எனக் கேட்டபோது, 'முப்பத்தேழு ஐம்பது' என விடை வந்ததாம். விருந்தினர் 37 டொலர் 50 சதம் என விளங்கிக்கொண்டார். வந்த கணக்கிலோ 3,750 டொலர் நின்றது. விலை தெளிவாகவே சொல்லப்பட்டது என்றனர் உணவுச்சாலையார். வாதாடிய பின் அது 2,200 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் இவ்விரு தொகைகளையும் ஒரே ஒலியாற் சொல்லலாம் என்பதே இதன் வித்து. தமிழில் 'மூவாயிரத்து எழுநூற்றைம்பது' என்றால் எவரும் மயங்கார். எழுத்தாற் செய்த பட்டியலும் வாயாற் சொன்ன விலையும் வேறு வேறாகும் இடத்திலேயே வழக்குத் தோன்றுகின்றது.

இனி, அவ்விலையை வாயாற் சொல்லவேண்டியவரின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். என் பழைய மாணாக்கர் ஒருவர் டெக்சாஸ் மாநிலத்தில் இத்தகைய உணவுச்சாலை ஒன்றிற் பரிமாறுபவராக வேலை செய்கின்றார். அமெரிக்க மத்திய சட்டத்தின்படி, விருந்தினரிடம் அன்பளிப்புப் பெறுந் தொழிலாளருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய மணிக்கூலி 2 டொலர் 13 சதமே. 1991 முதல் அத்தொகை மாறவில்லை. அன்பளிப்பையுஞ் சேர்த்து 7 டொலர் 25 சதத்துக்குக் குறையுமாயின் முதலாளி ஈடுசெய்தல் வேண்டும். கூடுதலான கூலியை விதித்த மாநிலங்களும் உள. டெக்சாஸ் அவற்றுள் ஒன்றன்று. அன்பளிப்போ கணக்குத் தொகையில் நூற்றுக்கு இருபது என்பது போல வருவது. அறுபது டொலர்ப் போத்தலுக்கு அவர் பங்கு பன்னிரண்டு. முந்நூறு டொலர்ப் போத்தலுக்கு அறுபது. நடந்த நடை ஒன்றே. இழுத்த தக்கையும் ஒன்றே.

அவர் எனக்கு எழுதினார்: "ஐயா, எது நல்லது என்று மேசையில் இருப்பவர்கள் என்னையே கேட்கிறார்கள். மலிவானதே அந்த உணவுக்குப் போதும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் என் பிள்ளையின் பள்ளிச் செலவு குறைகிறது. சொல்லாவிட்டால் உங்கள் முன்னால் இருந்து படித்த வாய்மை அதிகாரம் நினைவுக்கு வருகிறது. நான் என்ன செய்ய?"

இதற்கு விடை எழுத எனக்குப் பல நாள் சென்றது. வீட்டு வாடகையைத் தம் நாவினால் ஈட்டும் ஒருவருக்கு அறம் உரைத்தல் எளிது. அதன் செலவை ஏற்பவர் உரைத்தவர் அல்லர். ஈற்றில் மூன்று சொற்களே எழுதினேன். வரியை விரலாற் சுட்டுக. விலையை ஆயிரம் நூறென முழுதும் சொல்லுக. இருவகை வைன்களைக் காட்டுக, ஒன்று மலிவானதாக இருக்கட்டும். இவ்வளவு செய்தபின் விருந்தினர் முந்நூறு டொலர் கொடுக்க விரும்பினால் அஃது அவர் விருப்பம். அதில் வஞ்சனை இல்லை. சில இரவுகளில் வரும்படி குறைந்தது என்றும், தம்மையே பரிமாறக் கேட்டு மீண்டும் வருகின்ற மேசைகள் சில உண்டாயின என்றும் பின்னர் எழுதினார். குறைந்ததும் கூடியதும் சரியாயினவா என யான் கேட்கவில்லை. மாதந்தோறும் தவறாது சம்பளம் பெறும் ஆசிரியனுக்கு அவ்வினாவைக் கேட்கும் உரிமை இல்லை.

பட்டியலை வாசிப்பார்க்கும் என்னாற் கூறத்தக்கது சில உண்டு. ஆக்கியோன், எல்லை, ஆண்டு மூன்றும் உள்ள வரியை மதியுங்கள். ஆண்டு இல்லையெனில் ஆண்டு யாது எனக் கேளுங்கள். இரண்டு கிண்ணத்துக்கு மேல் வேண்டுமெனிற் போத்தலின் விலையோடு ஒப்பிடுங்கள். வேறெங்கும் கேள்விப்படாத பெயரெனில், உணவுச்சாலைகளுக்கென்றே பெயர் சூட்டப்பட்டு, கடை விலையோடு ஒப்பிட முடியாதபடி விற்கப்படுஞ் சரக்கும் உண்டென்பதை எண்ணுங்கள். வெளியிலிருந்து போத்தல் கொண்டுவர இடங்கொடுக்கும் உணவுச்சாலைகளும் உள. திறக்குங் கூலி எவ்வளவு என வினவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடனிருப்போர் கேட்க, விலை என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நம் சந்தையிற் கத்தரிக்காய்க்கு விலை கேட்டு, அடுத்த கடையிலுங் கேட்டு, பின்னர் முதற் கடைக்கே மீண்டு வரும் கிழவியை எவரும் வறியவள் என்று இகழ்வதில்லை. கணக்கறிந்தவள் என்றே மதிப்பர். அவளுக்குள்ள துணிவு, வெள்ளை விரிப்பிட்ட மேசையில் அமர்ந்தவுடன் அவள் பேரனைவிட்டு நீங்குவானேன்? அப்பேரன் நாணத்தால் விழுங்கும் ஒரு கேள்வியே அப்பட்டியலில் மிக விலையுயர்ந்த வரி. அது மட்டும் அதில் அச்சிடப்பட்டிருக்கவில்லை.